பேராக்கின் இலையுதிர் காலம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களை இலையுதிர் காலம் என்பர். அம்மாதங்களில் மரங்களின் இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி உதிரும். ‘இவ்வாண்டு இலையுதிர் காலம் குளிர்ச்சியாகவும் மழை குறைந்தும் இருக்கும்’ என்று வானிலை முன்னறிவிப்பு வந்தால், அங்குள்ளவர்கள் கம்பளி ஆடைகளை முன்கூட்டியே எடுத்து வைப்பார்கள். ஆனால், அதே மாதங்களில் பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போவில் குடை இல்லாமல் மாலையில் வெளியே செல்வது கடினம். ஈப்போவில் ஆண்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் மாதம் அக்டோபர்தான்.

அப்படியானால், பேராக்கில் இலையுதிர் காலமே இல்லையா? உண்டு. அது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வருகிறது. அப்போது அதிகாலை குளிர்ந்திருக்கும், மழை குறையும், மரங்கள் இலைகளை உதிர்க்கும். இந்தப் பருவத்தை நாள்காட்டியைப் பார்த்து அறிந்தவர்களைவிட, அதைத் தங்கள் சம்பளத்தில் உணர்ந்தவர்களே அதிகம். அவர்கள், பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தொழிலாளர்கள்.

பருவங்களும் பெயர்களும்

பழந்தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாகப் பிரித்தனர். இவற்றுள் இலையுதிர் காலம் என்ற பெயர் இல்லை. மேலைநாட்டு இலையுதிர் காலத்தின் பிற்பகுதி, தமிழரின் கூதிர் காலமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களோடு ஓரளவு பொருந்தும். ஆயினும், கூதிர் என்பது மழையோடு கூடிய குளிர்க்காலம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அம்மாதங்களில்தான்.

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவிற்கு வந்த தொழிலாளர்கள் பேராக்கிலும் ஐப்பசியில் மழையைக் கண்டனர். தீபாவளி மழையில் நனைவது அவர்களுக்குப் புதிதன்று. அவர்களுள் பலருக்குப் புதிதாக இருந்தது, தை மாதத்தில் பால்மரக்காடு முழுவதும் ஒரேயடியாக மொட்டையாக நின்ற காட்சியே. இன்றும் ஈப்போவில் இவ்வேறுபாட்டைத் திருவிழாக்களைக் கொண்டே அறியலாம். தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. தைப்பூசம் மழை குறைந்த காலத்தில் வருகிறது. குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்குக் காவடி ஏந்திச் செல்லும் பக்தர்கள், விடியற்காலையின் குளிரையும் நண்பகலில் சுடும் தார்ச்சாலையையும் ஒரே நாளில் உணர்கின்றனர்.

மழையை ஏந்தும் மலைகள்

மலேசியாவின் வானிலையைக் காற்றே பெரிதும் முடிவு செய்கிறது. மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். இவ்விரண்டிற்கும் இடையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காற்று திசை மாறும். இக்காலங்களைப் பருவமாற்றக் காலங்கள் என்பர். அப்போது காற்றின் வேகம் குறைவு. பகல் வெப்பத்தால் தரையருகே உள்ள ஈரக்காற்று மேலெழுந்து, மாலையில் இடிமழையாகப் பொழியும். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் இருப்பதால், பேராக் இப்பருவமாற்றக் காலங்களையொட்டியே மிகுதியான மழையைப் பெறுகிறது.

வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது ஏராளமான ஈரத்தைச் சுமந்து வருகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்கள் அக்காற்றை நேரடியாக எதிர்கொள்கின்றன. அதனால், ஆண்டு இறுதியில் அங்கு அடைமழையும் வெள்ளமும் ஏற்படுகின்றன. பேராக்கின் கிழக்கு எல்லையில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. காற்று மலையின் கிழக்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மேற்குச் சரிவில் இறங்கும்போது அது ஈரம் குறைந்த காற்றாகிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஈப்போவில் மழை குறைவதற்கு இம்மலைத்தொடரும் ஒரு முக்கியக் காரணம்.

பேராக்கிற்குள்ளேயும் இத்தகைய வேறுபாடு உண்டு. தைப்பிங் நகரத்தின் பின்னால் பிந்தாங் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே மேலேறிக் குளிர்வதால், தைப்பிங் தீபகற்பத்திலேயே மிகுதியாக மழை பெறும் நகரங்களுள் ஒன்றாகிவிட்டது. அங்கு ஓர் ஆண்டில் ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈப்போ பெறுவது ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே, ‘பேராக்கில் மழை’ என்னும் ஒரே அறிவிப்பு எல்லா ஊர்களுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

‘வறட்சி’ என்னும் சொல்லும் அப்படித்தான். ஈப்போவில் மிகக் குறைவாக மழை பெய்யும் மாதமான ஜனவரியில்கூடச் சராசரியாக 130 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் எந்த மாதத்தின் சராசரி மழையும் 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அதாவது, ஈப்போவின் வறண்ட மாதம் லண்டனின் எந்த மாதத்தையும்விட ஈரமானது. எனவே, ஒரு முன்னறிவிப்பில் உள்ள ‘குளிர்’, ‘வறட்சி’ ஆகிய சொற்களை, அந்த ஊரின் வழக்கமான வானிலையோடு ஒப்பிட்டே புரிந்துகொள்ள வேண்டும்.

இருவகைக் குளிர்

பேராக்கில் ஆண்டின் தொடக்கத்தில் உணரப்படும் குளிர் இருவகைப்படும். முதலாவது, தெளிந்த வானத்தால் வரும் குளிர். பகலில் சூரிய வெப்பத்தை ஏற்ற நிலம், இரவில் அவ்வெப்பத்தை வெளியிடுகிறது. வானத்தில் மேகங்கள் இருந்தால், அவை போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்து வைக்கும். மேகம் இல்லாத இரவில் வெப்பம் எளிதாக வெளியேறிவிடும். கிந்தா பள்ளத்தாக்கில், மலைச்சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தங்கும். அதனால்தான் விடியற்காலையில் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் மூடுபனி படர்ந்திருப்பதைக் காணலாம். ஆனால், சூரியன் மேலே வந்ததும் வெயில் கடுமையாகும். இது குளிர்ந்த காலையும் சுடும் பகலும் கொண்ட வறண்ட குளிர்.

இரண்டாவது, தொலைவிலிருந்து வரும் குளிர். ஆசியாவின் வடபகுதியில் உள்ள சைபீரியாவில் குளிர்க்காலத்தில் காற்றழுத்தம் மிகுதியாகும். சில வேளைகளில் அங்கிருந்து குளிர்காற்று பெருமளவில் தெற்கு நோக்கிப் பாய்ந்து, தென்சீனக் கடல்வரை வந்து சேரும். அது கடலைக் கடக்கையில் சூடும் ஈரமும் ஏற்றுக்கொள்வதால், மலேசியாவை அடையும்போது மேகமூட்டத்தையும் மழையையும் கொண்டு வருகிறது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் தீபகற்ப மலேசியாவின் பல பகுதிகளில் பகல்நேர வெப்பநிலையும் வழக்கத்தைவிடக் குறைந்ததை மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். அது ஈரமான குளிர்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு நகரவாசிக்குப் பெரிதாகத் தோன்றாது. இரண்டு நாளிலும் அவர் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார். பால்மரத்தை நம்பி வாழ்பவருக்கோ இவ்வேறுபாடு மிகப் பெரியது.

பால்மரம் ஏன் இலையை உதிர்க்கிறது?

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று கோலகங்சார் நில அலுவலகத்தின் அருகே பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அமேசானிலிருந்து வந்தாலும் இம்மரம் தன் பழக்கத்தை விடவில்லை. மழை குறையும்போது தன் இலைகள் வழியாக நீர் வெளியேறுவதைத் தவிர்க்க, அது இலைகளை உதிர்த்துவிடுகிறது. பச்சை இலைகள் செம்மஞ்சள் நிறமாக மாறி விழும். சில வாரங்களுக்குக் கிளைகள் வெறுமையாக நிற்கும். பின்னர், செம்பு நிறத்தில் இளந்தளிர்கள் தோன்றிப் பச்சையாக முற்றும். அதையொட்டி மரம் பூக்கும். காய்கள் முற்றி வெடிக்க ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆகும். தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடப் பொறுக்கிய ரப்பர்க் கொட்டைகள் இவ்வாறு வந்தவையே. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் உள்ள ரப்பர் மரங்களும் மழை குறைந்த மாதங்களில் இவ்வாறே இலையுதிர்க்கின்றன.

இலை என்பது மரத்தின் சமையலறை. இலை இல்லாதபோது மரத்தால் உணவு தயாரிக்க இயலாது. புதிய தளிர்களை வளர்க்க, மரம் தன்னிடம் சேமித்து வைத்த உணவையே செலவிடுகிறது. ஆகவே, அக்காலத்தில் சுரக்கும் பால் வெகுவாகக் குறைகிறது. தளிர்கள் முற்றாத நிலையில் தொடர்ந்து சீவினால் மரம் நலிவடையும். அதனால், பல தோட்டங்களில் இக்காலத்தில் சீவுவதைக் குறைப்பது அல்லது நிறுத்துவது வழக்கம்.

இங்கேதான் முன்னறிவிப்பின் இரண்டு முகங்கள் தெரிகின்றன. வறட்சி நன்றாக இருந்தால் எல்லா மரங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இலையுதிர்த்து, ஒரே காலத்தில் தளிர்க்கும். தளிர்கள் விரைவில் முற்றிவிடும். மாறாக, அக்காலத்தில் தூறலும் மூடுபனியும் நீடித்தால், இளந்தளிர்களை ஓய்டியம் போன்ற பூஞ்சைகள் தாக்கும். புதிதாக வந்த இலைகளும் உதிர்ந்துவிடும். மரம் மீண்டும் தளிர்க்க வேண்டியிருக்கும். பால் குறைந்த காலமும் நீண்டுவிடும். ஆக, தொழிலாளியின் இம்மாத வருமானத்தைக் குறைக்கும் அதே வறட்சி, அடுத்த மாதங்களின் வருமானத்தைக் காப்பாற்றவும் செய்கிறது.

அடுப்பங்கரை வரை வந்த வானிலை

பால்மரம் சீவுபவர் விடிவதற்கு முன்பே வேலைக்குச் செல்வதற்கும் வானிலையே காரணம். இரவில் மரம் வேரின் வழியாக நீரை உறிஞ்சிப் பட்டையில் உள்ள பால்குழாய்களை விறைப்பாக வைத்திருக்கும். குளிர்ந்த அதிகாலையில் சீவினால், பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை வெளியிடத் தொடங்கும். பால்குழாய்களின் அழுத்தம் குறையும். பாலும் விரைவில் நின்றுவிடும். எனவே, குளிர்ந்த காலை தொழிலாளிக்கு நன்மை தரும்.

மழை பெய்தாலோ நிலை வேறு. பட்டை நனைந்திருந்தால் சீவ முடியாது. சீவிய பிறகு மழை வந்தால், மங்கில் சேர்ந்த பால் நீரோடு வழிந்து வீணாகும். சுங்கை சிப்புட் முதல் தாப்பா வரையிலும் அதற்கு அப்பாலும் இருந்த தோட்டங்களில், பெரட்டுக்குச் செல்லும் முன் தொழிலாளர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்ததற்கு இதுவே காரணம். நட்சத்திரங்கள் தெரிகின்றனவா, காற்றில் மழை வாசம் இருக்கிறதா, மலையின் மேல் மேகம் இறங்கியிருக்கிறதா என்று கவனித்தார்கள். அவர்களுடைய முன்னறிவிப்பு நிலையம் லயத்து வீட்டின் வாசற்படிதான்.

தொழிலாளியின் கூலி, அவர் வேலை செய்த நாள்களையும் கொண்டுவந்த பாலின் அளவையும் பெரிதும் பொறுத்திருந்தது. அக்டோபர், நவம்பரில் மழையால் வேலை நாள்கள் குறைந்தன. ஜனவரி, பிப்ரவரியில் மழை இல்லாவிட்டாலும் மரத்தில் பால் குறைந்தது. அதே ஜனவரியில்தான் பல்லாண்டுகளாகப் பள்ளித் தவணையும் தொடங்கியது. சீருடை, காலணி, புத்தகப்பை ஆகியவற்றோடு பொங்கலுக்கும் தைப்பூசத்திற்கும் பணம் தேவைப்பட்டது. வரவு குறைந்த மாதமும் செலவு கூடிய மாதமும் ஒன்றாக அமைந்தன. மளிகைக் கடையில் கடனை எழுதி வைக்கும் சிறிய 555 புத்தகத்தில் பக்கங்கள் நிரம்பின.

இதனை அனுபவத்தால் அறிந்த குடும்பங்கள் முன்கூட்டியே திட்டமிட்டன. பால் மிகுந்த மாதங்களில் கூட்டுப் பணம் கட்டி, அதைத் தை மாதத்தில் எடுத்தவர்கள் உண்டு. வீட்டின் பின்புறம் மரவள்ளியும் கீரையும் பயிரிட்டவர்களும், ஆடு, கோழி வளர்த்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வானிலை வரைபடம் கிடைக்கவில்லை. ஆயினும், வரப்போவதை அறிந்து ஆயத்தமாவதே முன்னறிவிப்பின் நோக்கம் என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டினர். ‘வருமுன் காப்போம்’ என்பது அவர்களுக்கு வெறும் முழக்கவரி அன்று.

முன்னறிவிப்பை வாசிக்கும் முறை

இன்று வானிலையை அறிய வாசற்படி மட்டும் போதாது. அதற்கு மேலும் பல வழிகள் உள்ளன. மலேசிய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதும் நிலையங்களை அமைத்து வெப்பநிலை, மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை அளக்கிறது. பேராக்கில் ஈப்போ, சித்தியவான், லுபோக் மெர்பாவ் ஆகிய இடங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. உலகின் பல நாடுகளில் ஒரே நேரத்தையொட்டி, அதாவது மலேசிய நேரப்படி காலை 8 மணியையும் இரவு 8 மணியையும் ஒட்டி, கருவிகள் பொருத்திய பலூன்கள் வானில் விடப்படுகின்றன. செயற்கைக்கோள், ராடார் ஆகியவற்றின் தகவல்களும் இவற்றோடு சேர்க்கப்படுகின்றன. அனைத்தையும் கொண்டு கணினிகள் வளிமண்டலத்தின் அடுத்த நிலையைக் கணக்கிடுகின்றன.

முன்னறிவிப்பின் காலம் நீளும்போது அதன் தன்மையும் மாறுகிறது. நாளைய முன்னறிவிப்பு, ‘காலையில் மழை இல்லை, மாலையில் இடிமழை’ என்று சொல்லும். சில மாதங்களுக்கான முன்னறிவிப்போ, ஒரு வட்டாரத்தின் மழை சராசரியை ஒட்டி இருக்குமா, அதற்குக் கீழோ மேலோ இருக்குமா என்று மட்டுமே சொல்லும். சராசரி என்பது பெரும்பாலும் 30 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு கணக்கிடப்படுவது. ‘சராசரிக்குக் கீழ்’ என்றால் மழையே பெய்யாது என்பது பொருளன்று. அந்த மாதத்திலும் ஒரு நாள் மாலையில் கொட்டித் தீர்க்கலாம். அதனால் முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று கூற முடியாது.

பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை மாற்றத்தையும் வானிலை ஆய்வாளர்கள் கவனிக்கின்றனர். எல் நினோ எனப்படும் நிகழ்வு வலுவாக இருக்கும் ஆண்டுகளில், மலேசியாவின் வறண்ட காலம் மேலும் வறண்டு நீளக்கூடும். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது அத்தகைய காலத்தில்தான். 2016ஆம் ஆண்டின் வறட்சியில் பேராக்கின் வடபகுதியில் உள்ள புக்கிட் மேரா ஏரியின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தது. 1906ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அவ்வேரி, கிரியான் வட்டார நெல்வயல்களுக்கு நீர் வழங்குகிறது. பால்மரத்திற்கு ஓரளவு நன்மை தரும் வறட்சி, நெல்வயலுக்குத் தீங்காக முடிவதும் உண்டு.

மாறிய தோட்டங்கள், மாறாத பாடம்

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. செம்பனை இவ்வாறு இலையுதிர்ப்பதில்லை. வறட்சி அதையும் பாதிக்கும். ஆனால், அப்பாதிப்பு ஓராண்டு அல்லது ஈராண்டு கழித்தே குலைகளின் எண்ணிக்கையில் தெரியவரும். அதனால், செம்பனைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இலையுதிர் காலம் கண்ணில் படுவதில்லை.

ரப்பரைப் பயிரிடுபவர்களுள் இன்று பெரும்பாலோர் சிறுதோட்டக்காரர்கள். மழைக்காலத்தில் சீவ முடியாமல் வருமானம் இழக்கும் அவர்களுக்கு அரசு பருவமழைக்கால உதவித்தொகையை வழங்கி வருகிறது. அவர்களுக்குப் புதிய கவலையும் உண்டு. அண்மை ஆண்டுகளில் பெஸ்டலோதியோப்சிஸ் என்னும் பூஞ்சையால் ஏற்படும் நோய், மழை மிகுந்த மாதங்களில் முற்றிய இலைகளையும் உதிரச் செய்கிறது. வறண்ட காலத்தில் உதிர வேண்டிய இலை ஈரமான காலத்தில் உதிர்ந்தால், அது பருவத்தின் அடையாளமன்று, நோயின் அறிகுறி. எந்த மாதத்தில் எது இயல்பு என்பதை அறிந்தவரே இவ்வேறுபாட்டை உடனே கண்டுகொள்வார்.

‘குளிர்ச்சியும் வறட்சியுமான வானிலை’ என்னும் ஓர் அறிவிப்பை ஈப்போ நகரவாசி சுற்றுலா செல்லும் வாய்ப்பாகக் காணலாம். கிரியான் விவசாயி வாய்க்காலில் நீர் வருமா என்று எண்ணுவார். சிறுதோட்டக்காரர் தம் மரங்களின் உச்சியைப் பார்ப்பார். தளிர் எப்போது முற்றும், உளியை எப்போது மீண்டும் எடுக்கலாம் என்று கணக்கிடுவார். வானிலை எல்லாருக்கும் பொதுவானது; அதன் பொருள் அவரவர் வாழ்வைப் பொறுத்தது. அறிவிப்பைப் படிப்பவர், எந்த ஊருக்கு, எந்த மாதத்திற்கு, யாருக்கு என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டால், அதன் முழுப் பயனையும் பெறலாம்.

கோலகங்சாரில் நிற்கும் அந்த முதிய மரம், வேற்று மண்ணுக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கிவிட்டது. மழை குறையும் மாதங்களில் அதன் கீழே விழுந்து கிடக்கும் செம்மஞ்சள் இலைகள், பேராக்கிற்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு என்பதைக் காட்டுகின்றன.